கார்ன்வாலிஸ் கோட்டையின் தூர்த்த அகழி: மண் அரணைக் காப்பது பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

பினாங்கு கார்ன்வாலிஸ் கோட்டையைச் சுற்றி ஒரு காலத்தில் அகழி இருந்தது. அகலம் சுமார் 9 மீட்டர், ஆழம் சுமார் 2 மீட்டர். 1920களில் அந்த வட்டாரத்தில் மலேரியா பரவியபோது, கொசு அடைகிறது என்று அதை மண் கொட்டி மூடிவிட்டார்கள். 1977 செப்டம்பரில் கோட்டையைப் பழம்பொருள் சட்டத்தின்கீழ் அரசிதழில் சேர்த்தபோது அங்கே மிஞ்சியிருந்தது மதிலும் உள்ளே சில கட்டடங்களும்தான். அகழி இருந்த இடம் புல்தரை. அதற்கும் நாற்பது ஆண்டு கழித்துத்தான் அகழாய்வு நடந்தது. தெற்கிலும் மேற்கிலும் அகழியைத் திரும்பத் தோண்டி எடுக்கும் வேலையும் அப்புறம் வந்தது.

தோண்டியது சரிதானா, எதை வைத்துச் சரி என்கிறோம், இனி அதை யார் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் இந்த ஆய்வின் கேள்வி. இதை இடைக்கால மண் அரண்களோடு சேர்த்து வைத்துப் பார்க்கிறேன். கார்ன்வாலிஸ் இடைக்காலக் கோட்டை இல்லையே, செங்கல் கோட்டையாயிற்றே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் அது இழந்தது அகழி என்ற மண் வேலையை. செங்கலுக்கு இருந்த மரியாதை மண்ணுக்கு இல்லாததால்தான் ஒரு பாதி அரசிதழில் ஏறியது, மறுபாதி அதற்கு முன்பே புல்லுக்கு அடியில் போனது.

வெட்டினால் அகழி, கொட்டினால் மதில்

மண் அரணின் சூட்சுமம் எளிது. சுற்றிப் பள்ளம் வெட்டு, வெட்டிய மண்ணை உள்பக்கம் கொட்டி மேடாக்கு. ஒரே உழைப்பில் இரண்டு தடை கிடைக்கிறது. வருகிறவன் முதலில் இறங்க வேண்டும், பிறகு இரட்டை உயரம் ஏற வேண்டும். மேட்டின் மேல் மரத்தூண் வேலி, வெளியே முள்ளும் புதரும். கல் கிடைக்காத ஊரிலும், பணம் இல்லாத தலைவனும், கையில் ஆளும் மண்வெட்டியும் இருந்தால் சில வாரங்களில் கட்டிவிடலாம். அதனால்தான் உலகம் முழுக்க இது இருக்கிறது.

நல்ல எடுத்துக்காட்டு டென்மார்க்கில் உள்ள டிரெல்லபோர்க். ஹரால்டு புளூடூத் மன்னன் காலத்தில், 980ஐ ஒட்டிக் கட்டியது. அங்கே மிஞ்சிய மரத்தின் ஆண்டு வளையங்களை எண்ணித்தான் இவ்வளவு துல்லியமாகச் சொல்கிறார்கள். வட்டமான மண் மதில், உள்விட்டம் 134 மீட்டர், நான்கு திசைக்கும் நான்கு வாசல், உள்ளே நான்கு கட்டமாகப் பிரித்துப் பதினாறு நீள வீடுகள். இன்று போய்ப் பார்த்தால் புல் மூடிய வட்ட மேடுதான். வீடுகளின் தூண் இருந்த குழிகளில் கான்கிரீட் ஊற்றி, இங்கேதான் தூண் நின்றது என்று தரையிலேயே காட்டியிருக்கிறார்கள். 2023இல் இதையும் இதன் சகோதரக் கோட்டைகளையும் சேர்த்து ஐந்து இடங்களை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏற்றியது. அந்த ஐந்தில் ஒன்றான நொன்னபாக்கன், ஓடென்சே நகரத்துக் கட்டடங்களுக்கு அடியில் கிடக்கிறது. போர்கிரிங் என்ற இன்னொன்று, உழுது உழுது தேய்ந்துபோய், 2014இல் வானிலிருந்து லேசர் கதிரால் தரையின் மேடுபள்ளத்தை அளந்த (லேசர் அலகீடு) தரவை வைத்துத்தான் அடையாளம் தெரிந்தது. கண்ணுக்குத் தெரியாததும் பாரம்பரியமே என்று பட்டியலே ஒத்துக்கொண்டதாக நான் எடுத்துக்கொள்கிறேன்.

நம் பக்கத்தில் இதற்கு நெருங்கிய உறவு ஜொகூர் லாமா. 16ஆம் நூற்றாண்டில், மலாக்காவைப் போர்ச்சுகீசியரிடம் இழந்த அரச வம்சம் ஜொகூர் ஆற்றங்கரையில் எழுப்பிய அரண். 1587இல் போர்ச்சுகீசியர் வந்து அழித்துவிட்டுப் போனார்கள். 1950களில் அங்கே அகழாய்வு நடந்தது. இன்றைக்கும் போனால் மண் மேடு இருக்கிறது. பயணிகள் பத்து நிமிடத்தில் திரும்பிவிடுவார்கள், ஏனென்றால் படம் எடுக்க வாசல் கோபுரமோ பீரங்கி வரிசையோ இல்லை.

இதுதான் மண் அரணின் தலைவிதி. கல் கோட்டை இடிந்தால் இடிபாடு மிஞ்சும், பார்க்கிறவனுக்கு ஏதோ இருந்தது என்று புரியும். மண் கோட்டை சரிந்தால் வெறும் நிலம் மிஞ்சும். நிலத்தை உழலாம், மாடு கட்டலாம், வீடு கட்டலாம், கார் நிறுத்தலாம். யாரும் பகையோடு செய்வதில்லை. அங்கே ஒன்று கட்டப்பட்டிருக்கிறது என்பதே தெரியாமல் செய்கிறார்கள்.

அகழி விஷயத்தில் இழப்பு இன்னும் ஒரு படி கூட. அகழியின் அடியில் சேறு அடுக்கடுக்காகப் படிகிறது. விழுந்த பானை ஓடு, எலும்பு, மகரந்தம், விதை, தோல் செருப்பு, உடைந்த கைப்பிடி எல்லாம் காற்றுப் படாத சேற்றில் அழுகாமல் கிடக்கும். மதிலைப் பார்த்து எப்படிக் கட்டினார்கள் என்று தெரிந்துகொள்ளலாம். உள்ளே இருந்தவர்கள் என்ன தின்றார்கள், எதைத் தூக்கிப் போட்டார்கள் என்று தெரிய வேண்டுமானால் அகழிக்குள்தான் இறங்க வேண்டும்.

நிபோங் வேலியிலிருந்து செங்கல் வரை

1786 ஆகஸ்டில் பிரான்சிஸ் லைட், கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயரில் தீவை எடுத்துக்கொண்டபோது இந்த முனையில் முதலில் நின்றது நிபோங் பனைத் தண்டுகளை நட்டுக் கட்டிய வேலி. கோட்டை என்று சொன்னார்களே தவிர, அன்றைக்கு அது மலாய் ஆற்று முகத்துவாரங்களில் இருந்த குபு என்ற சிறு அரண்களிலிருந்து பெரிதாக வேறுபட்டதில்லை. சண்டையும் இங்கே நடக்கவில்லை. 1791 ஏப்ரலில் கெடா சுல்தானின் படை எதிர்க்கரையில் உள்ள பிறை என்ற ஊரில் அரண் அமைத்துத் திரண்டபோது, லைட் நீரிணையைத் தாண்டிப் போய் அதைத் தாக்கினார். அந்தப் பிறை அரண்களைத் தேடி இன்று போனால் தொழிற்பேட்டையும் துறைமுகமும்தான் எதிர்ப்படும். லைட் 1794இல் மலேரியாவில் இறந்தார். பின்னாளில் அகழிக்கு வந்த வினையை நினைத்தால் இந்தத் தகவலைச் சொல்லாமல் போக முடியவில்லை.

1804இல் தொடங்கி 1810 வாக்கில் முடித்த வேலைதான் இப்போது நாம் பார்க்கிற நட்சத்திர வடிவச் செங்கல் மதில். ஃபார்குவர் துணை ஆளுநராக இருந்தபோது ஆரம்பித்தது. கட்டியவர்கள் இந்தியக் கைதிகள். 1796இல் அந்தமான் குடியிருப்பைக் கம்பெனி கைவிட்டபோது அங்கிருந்த கைதிகளைப் பினாங்குக்கு மாற்றியிருந்தார்கள். பிறகும் வங்காளம், சென்னை, பம்பாய் என்று மூன்று பக்கமிருந்தும் ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். ஜார்ஜ் டவுனின் பழைய சாலைகளிலும் வடிகால்களிலும் அவர்கள் கை இருக்கிறது.

கோட்டையின் வெளிப்பக்கம் எஸ்பிளனேட் திடல், நாம் பாடாங் கோத்தா என்கிற இடம். அது பூங்காவாகப் பிறந்ததில்லை. வருகிறவன் ஒளிய இடமில்லாமல் வெட்டவெளியாக விட்ட நிலம். அரணுக்கு நீரும் வெட்டவெளியும் மலையும் காடும் வேண்டும் என்று வள்ளுவர் போட்ட கணக்கில் இரண்டு இங்கே சுத்தமாகப் பொருந்தும்: அகழியும் திடலும். அவற்றில் அகழியைத் தூர்த்தாயிற்று. திடல் பிழைத்தது, அதுவும் பந்து விளையாடவும் அணிவகுக்கவும் தேவைப்பட்டதால்.

தூர்த்தவர்களைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. கொசுதான் மலேரியாவைக் கொண்டுபோகிறது என்று மருத்துவர் ரொனால்டு ரோஸ் நிரூபித்தது 1897இல். அடுத்த சில ஆண்டுகளிலேயே கிள்ளானில் மால்கம் வாட்சன் சதுப்பை வடித்துக் காய்ச்சலைக் குறைத்துக் காட்டினார். தேங்கிய நீரைக் கண்டால் மூடு என்பது அந்தக் காலத்தின் நல்ல மருத்துவம். பீரங்கிக்குப் பயனில்லாமல் போய், சீக்கியப் படையினர் தங்கும் இடமாக மட்டும் இருந்த கோட்டைக்கு அகழி எதற்கு என்று கேட்டிருப்பார்கள். மண் கொட்டியதில் ஒரு நன்மையும் உண்டு. கொட்டிய மண் அடியில் இருந்த சேற்றையும் கரைச் சுவரையும் மூடிப் பாதுகாத்தது. அங்கே கட்டடம் எழுப்பியிருந்தால் அஸ்திவாரம் தோண்டும்போதே எல்லாம் போயிருக்கும்.

உழுது அழித்த கோட்டை

பினாங்குத் தமிழர்களுக்கு இந்தக் கதையில் இன்னொரு இழை இருக்கிறது. அது பாஞ்சாலங்குறிச்சியிலிருந்து வருகிறது.

பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை முழுக்க மண். 1799இல் கட்டபொம்மனைக் கயத்தாற்றில் தூக்கிலிட்ட பிறகு கம்பெனி அதைத் தரைமட்டமாக்கியது. 1801 பிப்ரவரி தொடக்கத்தில் ஊமைத்துரையும் மற்றவர்களும் பாளையங்கோட்டைச் சிறையை உடைத்துக்கொண்டு வெளியேறினார்கள். ஒரு வாரம் கழித்து மேஜர் மெக்காலே படையோடு போய்ப் பார்த்தால், இடித்த கோட்டை திரும்ப எழுந்து நிற்கிறது. அதுதான் மண் அரணின் பலம். ஊர் கூடினால் முளைத்துவிடும். மார்ச் 31இல் நடந்த தாக்குதல் தோற்றது. செங்கல் மதிலாக இருந்தால் பீரங்கிக் குண்டு விரிசல் விடவைக்கும், அந்த விரிசல் வழியே சரியும். மண் மதிலில் குண்டு, புட்டு மாவில் விரல் அழுந்துவது மாதிரிப் புதைந்து நின்றுவிடும். கர்னல் அக்னியூ பெரிய பீரங்கிகளோடு வந்து மே 24இல்தான் கைப்பற்ற முடிந்தது. கைப்பற்றியதும் இடித்ததோடு விடவில்லை. கோட்டை நின்ற நிலத்தை உழுது ஆமணக்கு விதைத்தார்கள் என்பது தெற்கத்திச் சீமையில் எல்லோரும் சொல்லும் செய்தி. பாரம்பரியச் சின்னத்தை எப்படி அழிப்பது என்று கம்பெனிக்குச் சரியாகத் தெரிந்திருக்கிறது. மண் அரணுக்கு வெடிமருந்தைவிட ஏர் கொடியது. இப்போது அங்கே போகிறவர்கள் பார்ப்பது 1974இல் தமிழக அரசு கட்டிய நினைவுக் கோட்டை.

சிவகங்கை வரை பரவிய அந்தப் போரில் பிடிபட்ட 73 பேரை 1802 பிப்ரவரியில் தூத்துக்குடியில் கப்பலேற்றிப் பினாங்குக்கு நாடுகடத்தினார்கள். சிவகங்கையின் வேங்கன் பெரிய உடையத் தேவர் அதில் ஒருவர். சின்ன மருதுவின் மகன் துரைசாமி இன்னொருவர். 1818இல் பினாங்குக்கு வந்த ஜேம்ஸ் வெல்ஷ் என்ற கம்பெனி அதிகாரி, துரைசாமியை இங்கே சந்தித்ததை எழுதிவைத்திருக்கிறார். தூத்துக்குடியில் கைதிகளின் காவலுக்குப் பொறுப்பாக இருந்தவரும் அவரேதான்.

இங்கே ஒரு எச்சரிக்கை. பாளையக்காரர்கள்தான் கார்ன்வாலிஸ் கோட்டையைக் கட்டினார்கள் என்று வாட்ஸ்அப்பில் அடிக்கடி ஒரு செய்தி சுற்றும். அவர்கள் அரசியல் கைதிகள், செங்கல் சுமந்த தண்டனைக் கைதிகளின் கணக்கு வேறு. இரண்டையும் ஒன்றாக்கினால் இரு தரப்புக்கும் அநியாயம். உண்மையில் நடந்ததே போதுமான அளவுக்குப் பெரிது. மண் கோட்டை இழந்தவர்கள் 1802இல் இறங்கிய அதே தீவில், இரண்டு ஆண்டு கழித்து, அவர்கள் மொழி பேசியவர்களும் அடங்கிய கைதிக் கூட்டம் கம்பெனிக்குச் செங்கல் கோட்டை எழுப்பத் தொடங்கியது. கோட்டைக்குள் வைக்கும் விளக்கப் பலகைகளில் இந்தக் கைதிகளுக்கு ஒரு வரிக்கு மேல் கிடைக்க வேண்டும்.

சட்டத்தின் கண்ணுக்கு எது தெரிகிறது

மலேசியாவில் இப்போது நடைமுறையில் இருப்பது 2005ஆம் ஆண்டின் தேசியப் பாரம்பரியச் சட்டம், அதாவது சட்டம் 645. 1976ஆம் ஆண்டுப் பழம்பொருள் சட்டத்துக்குப் பதிலாக வந்தது. பாரம்பரிய ஆணையர் ஒரு இடத்தைப் பாரம்பரியத் தளமாக அறிவிக்கலாம். ஆனால் நிலம் மாநிலத்தின் அதிகாரம், எனவே மாநில அரசின் சம்மதம் வேண்டும். பினாங்கு 2011இல் தனக்கென ஒரு மாநிலப் பாரம்பரியச் சட்டமும் இயற்றிக்கொண்டது. ஜார்ஜ் டவுன் 2008 ஜூலையில் மலாக்காவோடு சேர்ந்து உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியதிலிருந்து, மையப் பகுதியின் சுமார் 109 ஹெக்டேருக்குள் எதைத் தொடுவதானாலும் கேள்வி கேட்க ஆள் இருக்கிறது. கோட்டை அதற்குள் இருப்பதால் அகழி வேலையும் கண்காணிப்போடு நடந்தது.

இந்தக் குடைக்கு வெளியே இருந்தால் என்ன ஆகும் என்று நமக்கு 2013இல் தெரிந்தது. கெடா பூஜாங் பள்ளத்தாக்கில் 11ஆம் எண் சண்டியை, அதாவது பழங்கோயிலின் மிச்சத்தை, நிலத்தை மேம்படுத்த வந்தவர்கள் இடித்துத் தள்ளியது அந்த ஆண்டு டிசம்பரில் வெளியே வந்தது. ஆயிரம் ஆண்டுக்கு மேல் பழமையான செங்கல் கட்டுமானம். தனியார் நிலம், அரசிதழில் ஏறாத தளம். பினாங்கில் நம்மவர்கள் கொதித்தார்கள், நியாயமான கொதிப்புதான். கடாரம் என்று பாடப்புத்தகத்தில் படித்தவர்களுக்கு அது வெறும் செங்கல் இல்லை. ஆனால் எனக்கு உறுத்துவது வேறொன்று. செங்கல் அடித்தளம் இருந்தும் இந்தக் கதி. வெறும் மண் மேடாக இருந்திருந்தால் இடித்த செய்திகூட வந்திருக்காது.

அதே 2013இல் வேல்ஸ் எல்லையில் இதன் இரட்டைப் பிறவி நடந்தது. எட்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்துப் பக்கத்தை ஆண்ட மெர்சியா மன்னன் ஆஃபா பெயரில் நிற்கும் நீண்ட மண் கரையில் ஒரு துண்டு, சிர்க் ஊருக்குப் பக்கத்தில், நிரவப்பட்டது. அது பட்டியலில் உள்ள, சட்டம் காக்கும் சின்னம். இருந்தும் வழக்கு எழவில்லை. நிரவியவர் அது காப்பில் உள்ள இடம் என்று தெரிந்தே செய்தார் என்று நிரூபிக்க முடியவில்லை. 2016இல் வேல்ஸ் தன் சட்டத்தைத் திருத்தி, தெரியாது என்று சொல்லித் தப்பிப்பதைக் கடினமாக்கியது. இங்கிலாந்தில் இன்னொரு விசித்திரம் உண்டு. பட்டியலில் உள்ள மண் அரண் மேல் ஏற்கெனவே உழுதுகொண்டிருந்தால், சில நிபந்தனையோடு தொடர்ந்து உழலாம். சட்டப் புத்தகத்தில் சின்னம், கலப்பைக்கு வயல்.

டென்மார்க்காரர்கள் செய்வது எனக்குப் பிடித்திருக்கிறது. பாதுகாக்கப்பட்ட தொல்சின்னத்தின் விளிம்பிலிருந்து 2 மீட்டர் வரை உழக்கூடாது. பல சின்னங்களைச் சுற்றி 100 மீட்டருக்குள் நிலத் தோற்றத்தை மாற்றக்கூடாது. பெரிய தத்துவம் எதுவும் இல்லை, விவசாயிக்கும் பொறியாளருக்கும் புரிகிற அளவு. அளவு இருந்தால் மீறினது தெரியும்.

சட்டமே இல்லாமல் காத்த கதை அயர்லாந்தில். அங்கே நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட வட்ட மண் அரண்கள் வயல்களுக்கு நடுவே கிடக்கின்றன. பெரும்பாலும் ஆரம்ப இடைக்காலத்துக் குடியிருப்புகள். மண்ணைத் தொட்டால் அங்கே வாழும் மோகினிக் கூட்டம் கெடுதல் செய்யும் என்ற பயம் தலைமுறை தலைமுறையாகக் கலப்பையைத் தள்ளி நிறுத்தியது. நமக்கு இதைப் புரியவைக்கத் தேவையில்லை. ஐயனார் காட்டில் விறகு பொறுக்காத ஊர்களிலிருந்து வந்தவர்கள் நாம். கார்ன்வாலிஸ் கோட்டையிலேயே ஸ்ரீ ரம்பாய் பீரங்கி இருக்கிறது. 1603இல் டச்சுக்காரர் வார்த்தது, ஜொகூர், அச்சே, சிலாங்கூர் என்று கைமாறி வந்தது. பிள்ளை வரம் கேட்டு அதன் வாயில் பூ வைக்கும் வழக்கம் இருந்தது. அந்தப் பீரங்கியை யாரும் பழைய வெண்கலத்துக்கு எடைபோட மாட்டார்கள். அகழிக்கு அப்படி ஒரு பூ யாரும் வைக்கவில்லை.

மூடி வைப்பதா, தோண்டுவதா

இந்த மாதிரி இடத்தில் மூன்று வழி இருந்தது.

முதலாவது, தொடாமல் விடுவது. புல்லின் மேல் ஒரு செங்கல் வரிசை பதித்து அகழியின் விளிம்பைக் காட்டிவிட்டுப் போகலாம், டிரெல்லபோர்க்கின் கான்கிரீட் தூண்குழிகள் போல. செலவு குறைவு. தவறு செய்தாலும் பெயர்த்துவிடலாம். தொல்லியல்காரர்களில் பலருக்கு இதுதான் விருப்பம், ஏனென்றால் தோண்டிய இடத்தை இரண்டாவது முறை தோண்ட முடியாது. இரண்டாவது, ஆய்வுக் குழி மட்டும் வெட்டிப் பார்த்துப் பதிவு செய்து மூடுவது. மூன்றாவது, முழு அகலத்துக்கும் ஆழத்துக்கும் எடுத்து அகழியைத் திரும்ப நிலைநாட்டுவது.

தேர்ந்தது மூன்றாவதை, ஆனால் இரண்டு பக்கத்துக்கு மட்டும். 1964 வெனிஸ் சாசனம் தொடங்கிப் பாரம்பரியத் துறையில் எல்லோரும் சொல்லும் ஒரு விதி உண்டு: ஊகம் தொடங்கும் இடத்தில் மீட்டெடுப்பு நிற்க வேண்டும். இங்கே ஊகம் குறைவு. பழைய வரைபடங்களில் அகழி தெளிவாக இருக்கிறது. மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் (யுஎஸ்எம்) தொல்லியல் குழு வெட்டிப் பார்த்தது. முக்கியமாக, இது புதிதாகக் கட்டுவதில்லை. இருந்ததை மூடிய மண்ணை எடுப்பது. பாஞ்சாலங்குறிச்சி நினைவுக் கோட்டையையும் இதையும் ஒரே தட்டில் வைக்க முடியாது.

ஆனாலும் எனக்கு உடனே மனம் ஒப்பவில்லை. ஒப்பவைத்தது ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியை. வேலை தொடங்குவதற்கு முன் ஒரு சனிக்கிழமை, பாடாங் கோத்தாவில் பசெம்பூர் கடைப் பக்கமாக நான் நின்றிருந்தேன். மதிலோரப் புல்லில் பிள்ளைகளை வரிசையாக நிறுத்திக் கோட்டைக் கதை சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு பையன் கேட்டான்:

“டீச்சர், இந்த மதில் இவ்ளோ குட்டியா இருக்கு. நானே ஏணி வச்சு ஏறிடுவேன். இது எப்படி கோட்டை?”

“நீ நிக்கிற இடம்தான் தப்பு அய்யா. கீழ உட்காரு. நல்லா குத்துக்கால் போட்டு உட்காரு. இப்ப பாரு.”

“கொஞ்சம் ஒசரமாச்சு டீச்சர்.”

“இன்னும் ஆறடி கீழ இறங்கணும். அங்க தண்ணி வேற. இப்ப ஏணியை எங்க வைப்ப?”

பையன் பேசவில்லை. பக்கத்தில் இருந்த பெண் பிள்ளை, “படகுலதான் வைக்கணும் டீச்சர்,” என்றதும் எல்லோரும் சிரித்தார்கள்.

புல்தரையிலிருந்து பார்த்தால் சுமார் பத்தடி மதில். அகழியின் அடியிலிருந்து பார்த்தால் ஐந்து மீட்டர். அந்த மதிலைக் கட்டியவன் போட்ட கணக்கே ஐந்து மீட்டருக்குத்தான். நூறு வருடமாகப் பினாங்குக்காரர்கள் பார்த்தது கிட்டத்தட்டப் பாதி உயரம் புதைந்த கோட்டையை. எந்தப் பலகை வைத்தும் அதைப் புரியவைக்க முடியாது என்று அன்றைக்குத் தோன்றியது.

தோண்டிய பிறகு வரும் தலைவலிகள்

அகழியைத் தோண்டுவது ஒரு முறை செய்யும் வேலை. அதை அகழியாகவே வைத்திருப்பது முடிவில்லாத வேலை. பினாங்கில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டுகிறது, அதுவும் ஒவ்வொரு மழையும் ஓரிரு மணி நேரத்தில் அடித்துப் பெய்கிறது. மண் சரிவு நேராக இருந்தால் ஓடை ஓடையாக அரித்துவிடும். மேல் விளிம்பில் புல் வேர் பிடித்திருக்க வேண்டும், பார்க்க வருகிறவர்கள் குறுக்கு வழி இறங்கிப் புல்லைத் தேய்க்கக் கூடாது. ஐரோப்பிய மண் அரண்களில் முயலும் நரியும் வளை தோண்டுவது பெரிய தொல்லை. இங்கே தொல்லை மரம். ஆலும் அரசும் எங்கே பறவை எச்சம் விழுந்தாலும் முளைக்கும். செங்கல் மதிலின் சந்தில் விரல் கனத்துக்கு ஒரு அரசங்கன்று நிற்பதை நீங்கள் எந்தப் பழைய கடைவீட்டிலும் பார்த்திருப்பீர்கள். அதை வெறுமனே பிடுங்கினால் சுண்ணாம்புச் சாந்தும் சேர்ந்து வரும். விட்டால் ஐந்து வருடத்தில் கல்லைப் பிளக்கும். சந்தைச் சிமெண்ட் வைத்து அடைப்பவர்கள் இன்னும் மோசம். சிமெண்ட் ஈரத்தை வெளியே விடாது, செங்கல் உள்ளுக்குள்ளேயே உப்புப் பூத்து உதிரும். சுண்ணாம்புச் சாந்துதான் வேண்டும், அதைக் கலக்கத் தெரிந்த கொத்தனார்கள் வேண்டும்.

அப்புறம் கொசு. அகழியை மூடிய காரணமே அது. மலேரியாக் கொசுவின் காலம் ஜார்ஜ் டவுனில் போய்விட்டது, வந்திருப்பது டெங்கி. ஏடிஸ் கொசு பூந்தொட்டித் தட்டிலும் டயரிலும் தேங்கும் நீரை அதிகம் விரும்பும். நீர் ஓடிக்கொண்டிருந்து, மீனும் விட்டிருந்தால் ஆபத்து குறைவு. பம்பு நின்று, மூலையில் பிளாஸ்டிக் குவளைகள் சேர்ந்து அவற்றில் மழைநீர் தேங்கினால் கதை மாறும். அப்போது 1920களின் கோரிக்கையே புது எழுத்தில் திரும்ப வரும். அதற்கு இடம் கொடுக்காமல் இருப்பது தொல்லியல் துறையின் வேலை இல்லை. வடிகால் பார்க்கும் ஆட்களின் வேலை, வாரச் சுத்தத்துக்கு ஒதுக்கும் பணத்தின் வேலை. திறப்பு விழாவுக்குக் கிடைக்கும் பணம் பராமரிப்புக்குக் கிடைப்பதில்லை என்பது இந்த ஊரில் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

என் கணிப்பு

தெற்கிலும் மேற்கிலும் தோண்டியது சரி. சான்று இருந்தது, ஆய்வு முந்தியது, மதிலுக்கு அதன் உயரம் கிடைக்கிறது. மற்றப் பக்கங்களைத் தோண்டுவோம் என்று யாராவது கிளம்பினால் நான் எதிர்ப்பேன். இன்னும் ஐம்பது ஆண்டில் மண்ணைத் தோண்டாமலே உள்ளே படிக்கும் கருவிகள் இப்போதையதைவிடப் பல மடங்கு தேறியிருக்கும். அந்தக் கருவிகளோடு வருகிற தலைமுறைக்குத் தொடாத சேறு கொஞ்சமாவது வேண்டும். போர்கிரிங்கை எடுத்துக்கொள்ளுங்கள். லேசர் அலகீடு இல்லாத தலைமுறை அதைத் தாண்டித்தான் நடந்தது.

இதைவிட அவசரமானது கோட்டைக்கு வெளியே இருக்கிறது. ஜார்ஜ் டவுனின் மையப் பகுதிக்குள் ஒரு செங்கலை மாற்றவும் அனுமதி கேட்க வேண்டும். செபராங் பிறையில், கெடாவில், பேராக்கின் ஆற்றோரங்களில் உள்ள மண் மேடுகளுக்கு அந்தக் காவல் இல்லை. அவற்றில் பல நம்மவர்கள் மூன்று தலைமுறை பால் மரம் வெட்டிய தோட்டங்களாக இருந்து, இப்போது செம்பனைக்கும் வீட்டுமனைக்கும் மாறிக்கொண்டிருக்கும் நிலத்தில் கிடக்கின்றன. வெள்ளைக்காரத் துரை எதற்கோ தோண்டச் சொன்னான் என்றும், அங்கே பழைய செங்கல் கிடக்கும் என்றும் தோட்டத்துப் பெரியவர்கள் சொல்வதைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் இன்று பொறியாளர்களாகவும் நில அளவையாளர்களாகவும் இருக்கிறார்கள். மண் தள்ளும் இயந்திரம் வருவதற்கு முன் அந்த இடத்தில் கடைசியாக நிற்கிற ஆள் பெரும்பாலும் அளவையாளர்தான். மனை பிரிக்கும் வரைபடத்தில், காரணம் தெரியாத மேடு, பள்ளம் எதுவானாலும் குறித்தாக வேண்டும் என்று ஒரு விதி போட்டால் போதும். வானிலிருந்து லேசர் அலகீடு செய்வதும் இப்போது யாராலும் எட்டிப்பிடிக்க முடியாத செலவு இல்லை. குறித்த இடத்துக்கு டென்மார்க் மாதிரி இத்தனை மீட்டர் என்று கணக்கு வைக்கலாம். இரண்டா, ஐந்தா என்று மாநில அரசும் பாரம்பரியத் துறையும் பேசி முடிவெடுக்கட்டும். கெடா, பேராக், பினாங்கு மூன்றும் தனித்தனியாகப் போடாமல் ஒரே அளவாகப் போட்டால் மேம்பாட்டாளருக்கும் குழப்பம் இருக்காது.